கலப்புக் கொட்டகைத் தரகர்

அந்தப் பண்ணையில் ஒரே வேலைக்கு நாலு பெயர் இருந்தது. வாசல் பலகையில் 'கலப்பின விருத்திப் பிரிவு' என்று எழுதியிருக்கும். மேனேஜர் 'இனக்கலப்பு' என்பார், அதுவும் மேடையில் ஏறியவர்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு. கால்நடை டாக்டரம்மா 'கிராஸ்' என்பார். சாணம் அள்ளுகிறவர்கள் 'சேர்த்து விடுறது' என்பார்கள். நாலும் ஒன்றுதான். பெண் குதிரையை ஆண் கழுதையோடு இணைத்து, மலைப்பாதையில் மூட்டை சுமக்கக் கோவேறு கழுதை பிறக்க வைப்பது.

குதிரையின் உயரமும் கழுதையின் பொறுமையும் ஒன்றாய் வாய்த்த பிராணி அது. செங்குத்தான பாதையில் குதிரை கால் வைக்க யோசிக்கும் இடத்தில் அது பாட்டு கேட்டுக்கொண்டு போவதுபோல் போகும். எல்லாம் உண்டு அதற்கு, பிள்ளை மட்டும் கிடையாது. கோவேறு கழுதைக்குக் கோவேறு கழுதை பிறக்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்: ஒரு குதிரை, ஒரு கழுதை, நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மனுஷன்.

கயிறு பிடிக்கிற அந்த மனுஷரைத்தான் எல்லோரும் தரகர் என்று கூப்பிட்டார்கள்.

பெயரைக் கேட்டு வாயாடி என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாணத் தரகருக்கு வேண்டிய ஒரு லட்சணமும் அவரிடம் கிடையாது. பொய் சொல்ல வராது. புகழ்ந்து பேச வராது. யாராவது எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, விரல்கள் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவைபோல் தடித்திருக்கும். அவர் மனைவி இருந்தவரை அந்த வீட்டில் பேச்சு அவள் இலாகா. அவள் கொட்டகைக்குள் பேச ஆரம்பித்தால் குதிரைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும் என்றும், அவள் நிறுத்தினால்தான் விழுங்கும் என்றும் பண்ணையில் சொல்வார்கள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தரகருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அவர் அழவில்லை, இளைக்கவில்லை, குடிக்கவில்லை. ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. சவரம் செய்துகொண்டார், சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார். கொட்டகையில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் உண்டு. தூங்கும்போது தவிர வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவன் ஒருநாள், அண்ணனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கொடுத்தான். தரகர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தார். "போலாமா?" என்றார். ரேடியோ அன்று மத்தியானம்வரை வாயைத் திறக்கவில்லை. பண்ணை ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

அவருடைய அக்கா பஸ் பிடித்து வந்து ஒரு வாரம் தங்கிப் பார்த்தாள்.

"என்னடா, ஒரு சொட்டுத் தண்ணி வரல உன் கண்ணுல? கட்டின பொண்டாட்டிடா அவ. எனக்கே ஆறல."

"வந்தா அழ மாட்டேனாக்கா?"

"முயற்சி பண்ணியாவது பாரேன்."

"பண்ணேன்க்கா. கண்ணுதான் எரிஞ்சுது."

அக்கா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் இவருக்கும் சேர்த்து அவளே ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். ஊருக்குப் போகும்போது, "எங்க வீட்டுக்கு வந்துடு, மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள். தரகர் சரி என்றார். போகவில்லை. அந்த நாட்களில் அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னார்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோதும் கடைசியில் வாயில் வந்தது அதுதான்.

மேனேஜர் அறையில் மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த கோவேறு கழுதை பொம்மை ஒன்று நிற்கும். ஒரு காது உடைந்துபோய், பசை வைத்துத் திருப்பி ஒட்டியிருப்பார்கள், அதுவும் முன்பக்கம் பின்பக்கமாக. மேனேஜர் அந்தக் காதைத் தடவிக்கொண்டே பேசினார்.

"மேலிடத்துல கேள்வி கேக்கறாங்க தரகரே. மாப்பிள்ளைக்கு வயசாச்சு. அவனுக்கு அப்புறம் யாருன்னு கேக்கறாங்க."

மாப்பிள்ளை என்றால் கழுதை. அந்தப் பிரிவில் இருந்த ஒரே ஆண் கழுதை. சாதாரணக் கழுதை இல்லை, காது நுனி தரகரின் தலைக்குமேல் ஒரு முழம் நிற்கும். பண்ணையில் இருந்த அத்தனை குதிரைக்கும் அவன் ஒருவனே மாப்பிள்ளை. மலையில் இன்றைக்கு மூட்டை சுமக்கிற கோவேறு கழுதைகளில் பாதி அவன் பிள்ளைகள். மீதிப் பாதியும் அவனுடையவைதான் என்று அவன் சார்பில் ரேடியோ சொல்லிக்கொள்வான்.

"இந்த ஒசரத்துல வெளியில கழுதை கெடைக்காது" என்றார் மேனேஜர். "மாப்பிள்ளைக்கு ஒரு பெண் கழுதைகிட்ட ஆண் குட்டி பொறக்கணும். பொறந்து, அது இந்த வேலைக்குப் பழகிச்சுன்னா பிரிவு ஓடும். அவனும் கெழவனா இங்கயே ஒக்காந்து தின்னுட்டு இருக்கலாம். இல்லேன்னா மூடிடுவாங்க. குதிரைங்கள வேற பண்ணை எடுத்துக்கும். மாப்பிள்ளை ஏலத்துக்குப் போவான்."

"கெழட்டுக் கழுதைய யாரு சார் ஏலத்துல எடுப்பா?"

மேனேஜர் பொம்மையை நகர்த்தி வைத்தார். "தோலுக்கு எடுப்பாங்க."

"சரிங்க சார்."

"என்னய்யா சரி? உங்க வீட்டுல அவங்க புட்டியில குதிரைப்பால் குடுத்து வளத்த கழுதைய்யா அது. தோல்ங்கறேன், சரிங்கறீங்க."

தரகர் வெளியே வந்து கொட்டகை வாசலில் நின்றார். மாப்பிள்ளை வழக்கம்போல் வந்து அவர் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தான். இந்தக் கழுதை செத்தால் எனக்கு ஏதாவது ஆகும் என்று அவருக்குத் தெரியும். ரொம்ப நேரம் ஒரே பக்கம் உட்கார்ந்து மரத்துப்போன கால் தன்னுடையது என்று தெரிவதுபோல அது தெரிந்தது. கிள்ளிப் பார்த்தால் வலிக்கவில்லை. ஆனால் கால் அவருடையதுதான். அதை வெட்டிக்கொண்டு போக விடலாமா? கூடாது. அவ்வளவுதான் அவர் யோசித்தது. நேராக டாக்டரம்மாவிடம் போனார்.

இதில் சிக்கல் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கழுதைக்கு இன்னொரு கழுதையைச் சேர்த்து விடுவதில் என்ன பெரிய வித்தை, உலகத்தில் எத்தனை கழுதை தரகர் இல்லாமலே பிறக்கிறது என்று தோன்றும். ஆனால் மாப்பிள்ளை கழுதையாக வளரவில்லை. இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஆண் கழுதைக்குட்டி பிறந்து, தாயிடம் சீம்பால் குடித்துக் கால் ஊன்றியவுடன் அதைப் பிரித்துக் குதிரைகள் நடுவில் விட்டுவிட வேண்டும். குதிரைப் பால், குதிரைச் சூடு, குதிரை வாசனை. இன்னொரு கழுதையைக் கண்ணில் காட்டவே கூடாது. அப்படி வளர்ந்தால்தான் அது பெரியவனானதும் பெண் குதிரையைத் தன் இனம் என்று நம்பும். தாயோடு வளர்ந்த கழுதையைக் கட்டி இழுத்தாலும் குதிரைப் பக்கம் திரும்பாது.

தரகரின் மனைவி அந்த வேலையை அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் குதிரையில் ஒன்று மூக்கு நக்கித் தாயாயிற்று, இன்னொன்று சித்தியாயிற்று. குட்டியில் அவன் கனைக்கக்கூட முயற்சி செய்தான். 'கீ...' என்று உயரே ஆரம்பித்து நடுவில் உடைந்து, துருப்பிடித்த கதவும் ரயிலும் மோதிக்கொண்டதுபோல் ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுப் பக்கத்துத் தெருவில் பால் திரிந்தது, கடிகாரம் நின்றது என்றெல்லாம் கதை உண்டு. பெரியவனானபின் பண்ணை வாசலில் கழுதை பூட்டிய வண்டி ஏதாவது போனால், வாசலில் யாரோ வேண்டாதவர்கள் வந்துவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுப் பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டார். "ஊசி மூலமா பண்ணலாம்ணே. ஆனா விந்து உறைய வைக்கிற சிலிண்டர் பழுதாகி, புதுசு வரும் வரும்னு நானே கெழவியாயிட்டேன். அதனால பழைய வழிதான். ஏமாத்தணும்."

"யார?"

"மாப்பிள்ளையைத்தான். முன்னாடி குதிரையக் காட்டி, பின்னாடி கழுதைய நிறுத்தணும்."

பக்கத்தில் நின்ற ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டான். "அண்ணே, மூத்தவளக் காட்டி இளையவளக் கட்டி வைக்கிற வேலைண்ணே இது. தரகர்னு பேரு வச்சதுக்கு இப்பத்தாண்ணே நியாயம் கெடைக்குது."

தரகர், "பெண் கழுதை எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

செங்கல் சூளையிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார்கள். சுமை தூக்கித் தூக்கி முதுகில் இரண்டு பக்கமும் மயிர் உதிர்ந்து, காவித்தூள் தோலோடு ஊறிப்போயிருந்தது. எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. செங்கல் என்று பெயர் வைத்தார்கள். அடக்கமான பிராணி. யாராவது கையை ஓங்கினால் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடிக்கொள்ளும். அது அடிக்குப் பயந்து அல்ல, விழுகிற அடி கண்ணில் படாமல் இருப்பதற்காக. சூளையில் பழகியது.

இதற்கு நடுவில் ஆபீசில் ஒரு கூத்து நடந்தது. புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர், படிப்பாளி. அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"கலப்பினம்னா ரெண்டு இனம் கலக்கணும் சார். கழுதையும் கழுதையும் சேர்ந்தா அது கலப்பே இல்லையே. நம்ம பிரிவுல கலப்பில்லாத வேலைக்கு அனுமதி கெடையாதே?"

மேனேஜர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தரகரைப் பார்த்தார். முப்பது வருஷம் இந்த வேலையைச் செய்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது, இருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூடக் கழுதை கழுதையோடு சேர்வதற்கு ஆகாது என்று. இனக்கலப்பு இல்லை. கிராஸ் இல்லை. சேர்த்து விடுவது என்று சொல்லலாம், ஆனால் அதைப் பண்ணையில் குதிரைக்குத்தான் சொல்லிப் பழக்கம்.

"குடும்பம்னு போட்டுக்குங்களேன் சார்" என்றான் ரேடியோ.

மேனேஜர் அவனை வெளியே அனுப்பிவிட்டு, "கலப்பின வேலைக்கான முன் ஏற்பாடு" என்று சொல்லி அனுமதியை வாங்கினார்.

முதல் நாள் சும்மா அறிமுகம்தான். செங்கல்லை மாப்பிள்ளையின் வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். அது பாவம், சூளையில் ஆண் கழுதை பார்த்த பழக்கம், காதை முன்னால் தள்ளி மெதுவாக ஒரு குரல் கொடுத்தது. மாப்பிள்ளை புல்லை வாயில் வைத்தபடியே அதைப் பார்த்தான். பிறகு திரும்பி நின்று கொண்டான். வால் மட்டும்தான் தெரிந்தது.

"பொண்ணு பிடிக்கல" என்றான் ரேடியோ. "காபி குடிக்காமலே எழுந்துட்டாரு."

அடுத்த வாரம் ஏமாற்று வேலை ஆரம்பமாயிற்று. சாம்பல் நிறத்தில் ஒரு பெண் குதிரை உண்டு. யார் வாலைத் தொட்டாலும் திரும்பி முறைக்கிற குணத்தால் அதற்கு டீச்சர் என்று பெயர். மாப்பிள்ளைக்கு அவள்மேல் தனி மரியாதை. டீச்சரைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இந்தப் பக்கம் செங்கல்லின் முதுகில் டீச்சரின் போர்வையைப் போட்டு, தலையை ஒரு சாக்குத் திரைக்குப் பின்னால் மறைத்தார்கள். சாதாரணமாகக் குதிரைக்கு என்றால் மாப்பிள்ளை குள்ளம். அதனால் குதிரையைப் பள்ளத்தில் நிறுத்துவார்கள். இப்போது பெண் வீட்டார்தான் குள்ளம் என்பதால் பலகை போட்டு மேடை கட்டினார்கள். மாப்பிள்ளை டீச்சரைப் பார்த்துக் காதை நிமிர்த்தினான். தரகர் கயிற்றைத் தளர்த்தினார். அவன் இரண்டு எட்டு வந்தான். போர்வையை முகர்ந்தான். இன்னும் கொஞ்சம் முகர்ந்தான். காவித்தூள் மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டான் பாருங்கள், சாக்குத் திரை அவிழ்ந்து விழுந்தது. எதிரே இரண்டு நீளக் காது. மாப்பிள்ளை பின்வாங்கி, தரகரின் காலை மிதித்துவிட்டு, வேலியோரம் போய் நின்றுகொண்டான்.

"காலப் பாருங்கண்ணே, வீங்குது" என்று ரேடியோ பதறினான்.

தரகர் குனிந்து பார்த்தார். பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. "ஆமா" என்றார்.

அப்படிப் பல தடவை. மாப்பிள்ளை சாதாரண நாளிலேயே அவசரப்படாத பிராணி. டீச்சரையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டு நின்று, நடுவில் ஒரு வாய் வைக்கோல் தின்றுவிட்டு வருவான். ரேடியோ அதற்குள் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்துவிடுவான். தரகர்மட்டும் கயிற்றை விடமாட்டார். முன்பெல்லாம் இந்தக் காத்திருப்பில் அவருக்குக் கோபம் வரும், கொட்டாவி வரும், மனைவி வந்து ஏதாவது கேலி செய்துவிட்டுப் போவாள். இப்போது எதுவும் வரவில்லை. மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "இந்த மனுஷனோட பொறுமையே பொறுமை" என்று எல்லோரிடமும் சொன்னார். பொறுமையும் இல்லை ஒன்றும் இல்லை. போக வேறு இடம் இல்லாததுபோல் அவர் நின்றார், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை மழை தூறிக்கொண்டிருந்தது. காவித்தூள் கிளம்பவில்லை. எல்லா வாசனையும் ஈரத்தில் ஒன்றாய்க் கலந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வழக்கத்துக்கு மாறாக முறைக்காமல் ஒரு கனைப்புக் கனைத்தாள். அவன் போர்வையில் முகத்தை வைத்தான், எடுக்கவில்லை. தரகர் கயிற்றை விட்டார். கண்ணை டீச்சர்மேலேயே வைத்தபடி, தான் யாரோடு சேர்ந்தோம் என்று கடைசிவரை தெரியாமலே மாப்பிள்ளை தன் கடமையைச் செய்து முடித்தான்.

டாக்டரம்மா குடையோடு ஓடி வந்தார். "கிராஸ் ஆச்சாண்ணே?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி, என்னமோ ஒண்ணு. ஆச்சா?"

"ஆச்சும்மா."

"ஒரு சிரிப்பு சிரிங்கண்ணே. உங்க கழுதை பொழைச்சுதே பாதி."

தரகர் உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டினார். டாக்டரம்மாவுக்கு ஏன்தான் கேட்டோம் என்றாகிவிட்டது.

செங்கல் சினைப்பட்டது. அடுத்த மாதம் டீச்சரும் மாப்பிள்ளைக்குச் சினையானாள். கழுதைக்குக் கர்ப்பகாலம் ஒரு வருஷத்தைத் தொட்டுவிடும், குதிரையைவிடக் கூடுதல். அந்த ஒரு வருஷத்தில் தரகரின் வாழ்க்கையில் நடந்ததை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் நிரம்பாது. தண்ணீர் இறைத்தார். தீனி வைத்தார். குளம்பு வெட்டினார். வீட்டில் மனைவியின் செருப்பு வாசலிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, வைத்திருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பெருக்கும்போது தூக்கிப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைப்பார். செங்கல்லுக்கு முதுகில் மயிர் முளைத்தது. வயிறு ஒருபக்கமாகச் சரிந்தது. கையை ஓங்கினால் கண்ணை மூடுகிற பழக்கம் போய், தரகர் வருகிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் வந்தது. அவர் அதைக் கவனித்தார். கவனித்தார் என்பதோடு சரி.

குட்டி ஒரு காலைவேளையில், தீனி வைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தொந்தரவும் இல்லாமல் விழுந்தது. நனைந்த போர்வையைச் சுருட்டிப் போட்டதுபோல் ஒரு குவியல். அதிலிருந்து முதலில் காது எழுந்தது, பிறகுதான் மற்றதெல்லாம். ரேடியோ குனிந்து பார்த்துவிட்டு ஆபீஸ்வரை கத்திக்கொண்டே ஓடினான்.

"ஆண் குட்டி! ஆண் குட்டி சார்! அப்பன மாதிரியே அசமந்தம் சார்!"

மேனேஜர் நேரில் வந்து பார்த்தார். டாக்டரம்மா நெஞ்சில் கருவி வைத்துக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கினார். செங்கல் குட்டியை நக்கிக்கொண்டே இருந்தது. நக்கி முடித்த இடத்தை மறுபடி நக்கியது. பிறந்ததிலிருந்து யாருடைய மூட்டையையோ சுமந்த பிராணி, இது ஒன்றுதான் தன்னுடையது என்று அதற்கு யாரோ சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

அதே வாரத்தில் டீச்சர் ஈன்ற கோவேறு குட்டி இரண்டு நாள் இருந்துவிட்டுச் செத்துப்போயிற்று. டாக்டரம்மா தரகரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சருக்குப் பால் கட்டியிருக்குண்ணே. செங்கல்லோட குட்டி சீம்பால் குடிச்சாச்சு. இதைவிட நல்ல நேரம் அமையாது. இன்னிக்கே மாத்திடலாம்."

"சரிம்மா."

ரேடியோ வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, அம்மாகிட்டயே இருந்துட்டுப் போகட்டுமேண்ணே."

"அம்மாகிட்ட வளந்தா கழுதையா வளரும்."

"கழுதை கழுதையா வளந்தா என்னண்ணே தப்பு?"

"வேலைக்கு ஆகாதுடா. இது வேலைக்கு ஆகலேன்னா இவன் அப்பன் தோலாப் போவான்."

ரேடியோ எழுந்துபோய் செங்கல்லின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

தரகர் குட்டியைத் தூக்கினார். முன்கால் இரண்டையும் ஒரு கையில் சேர்த்து, பின்னங்கால் மறு கையில் தொங்க, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நல்ல கனம். குளம்பு இன்னும் இறுகாமல் ரப்பர்போல் இருந்தது. குட்டியின் இதயம் அவர் முழங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையை இதே முற்றத்தில் இப்படித்தான் அவர் மனைவி தூக்கி வந்தாள். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்: "பாவி, பாவி, உனக்கெல்லாம் சோறு எறங்குமாடி பாவி." அன்றைக்கு அவர் கூடவே சிரித்துக்கொண்டு நடந்தார். இப்போது திட்ட ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. பின்னால் செங்கல் கத்த ஆரம்பித்தது.

டீச்சரின் வைக்கோலைக் குட்டியின் உடம்பெல்லாம் தேய்த்தார். டீச்சர் முகர்ந்தாள், முறைத்தாள், இன்னொரு தரம் முகர்ந்தாள். குட்டி ஒன்றும் யோசிக்கவில்லை. பசி. தலையைக் குனிந்து காம்பைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. டாக்டரம்மா மூச்சு விட்டார். மேனேஜர் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான், பிரிவும் பிழைத்துக்கொண்டது.

செங்கல்லின் கத்தல்மட்டும் நிற்கவில்லை. உள்ளிழுத்து வெளியே விட்டு, உள்ளிழுத்து வெளியே விட்டு, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. மாப்பிள்ளை வேலியோரம் நின்று ஒரு காதை அந்தப் பக்கம் திருப்பினான். தெருவில் தெரியாத பாஷையில் யாரோ சண்டை போடுவதைக் கேட்கிறவன்போல் கொஞ்சம் கேட்டான். பிறகு புல் தின்னப் போய்விட்டான்.

சாயங்காலம் தீனி வைக்கப் போனபோது செங்கல்லுக்குக் குரல் கட்டியிருந்தது. வாய் திறந்து மூடியது, காற்றுத்தான் வந்தது. மடி இறுகிப் பளபளத்தது. காம்பு நுனியில் பால் துளித்துத் துளித்து வைக்கோலில் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"கறந்துடாதீங்கண்ணே. கறந்தா சுரந்துக்கிட்டே இருக்கும். தொடாம விட்டுட்டா ரெண்டு நாளு வலிக்கும், அப்புறம் தானா வத்திடும்."

"சரிம்மா" என்றார் தரகர்.

விட்டால் வற்றிவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. அந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு டாக்டரம்மாவுக்குத் தெரியாது.

டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வாசலைத் தாண்டும்வரை நின்றார். பிறகு கைகளைக் கழுவி, துடைத்து, குளிர் போக இரண்டையும் தேய்த்துக்கொண்டு செங்கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். நெற்றியை அதன் விலாவில் வைத்தார். செங்கல் உதைக்கவில்லை. பால் அவர் எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தது. பாத்திரம் எதுவும் வைக்கவில்லை, வைக்கோலிலேயே விட்டார். மடி தளரத் தளர, விலாவுக்குள் ஒரு நடுக்கம் ஓடி அவர் நெற்றிக்கு வந்தது. அது செங்கல்லுடையதா தன்னுடையதா என்று அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மடி திரும்பவும் கனத்திருந்தது. டாக்டரம்மா வருவதற்கு நேரம் இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.